தாதியர் சோர்வு: தோட்டத்து ஆஸ்பத்திரி முதல் ஈப்போ நகர் வரை

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றையும் கூறிய வள்ளுவர், நான்காவதாக நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைக் கொடுப்பவனையும் சேர்த்து எண்ணுகிறார். 'உழை' என்றால் பக்கம். பக்கத்திலேயே இருப்பவன் ஆதலின் அவன் உழைச்செல்வான் எனப்பட்டான். இன்று தாதி என்று அழைக்கப்படுபவரின் தொழில் இதுவே.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு கூறுகளுள் ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணம் சொல்லியுள்ளார். பக்கத்திலிருந்து பணிபுரிபவனுக்கு வேண்டியவை நோயாளியிடம் அன்பு, மன மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு என்பன. மறுக்க முடியாத இலக்கணங்களே. ஆனால் இவை யாவும் பணிபுரிபவர் தம்முடன் கொண்டுவர வேண்டியவை. பணியிடம் அவருக்கு என்ன தர வேண்டும் என்னும் கேள்வி அங்கே எழவில்லை.

உலகமும் நெடுங்காலம் அவ்விடத்திலேயே நின்றது. தாதி நல்லவராயின் பணி நன்றாக நடக்கும். அவர் சோர்ந்தால், சிடுசிடுத்தால், வேலையை விட்டு விலகினால், அவரிடம் அன்பு குறைந்துவிட்டது என்பதே பொதுத் தீர்ப்பு. இத்தீர்ப்பு தவறானது என்பதை உலகம் உணர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றில் பேராக் மாநிலத்துக்கும் அதன் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஓர் இடம் உண்டு.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஈப்போவின் ஃபேர் பார்க் பகுதியில் ஒரு சாலை சிபில் கார்த்திகேசுவின் பெயரைத் தாங்கியுள்ளது. தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்ற அவர், கணவர் டாக்டர் கார்த்திகேசுவுடன் ஈப்போவில் மருந்தகம் நடத்தியவர். ஜப்பானியர் ஆட்சியில் அருகிலுள்ள பப்பான் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, காட்டிலிருந்த கொரில்லாப் படையினருக்கு மறைவாகச் சிகிச்சை செய்தார். 1943இல் பிடிபட்டுக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். பிரிட்டனின் ஜார்ஜ் பதக்கம் பெற்று, 1948 ஜூன் 12ஆம் நாள் உயிர் நீத்தார். இத்தகைய வரலாற்றைப் படித்தவர்கள், "அவரே அவ்வளவு தாங்கினார், இன்றைய தாதியருக்கு என்ன குறை?" என்று கேட்பதுண்டு.

இக்கேள்வி துன்பத்தையும் சோர்வையும் ஒன்றாகக் கருதுவதால் எழுவது. சிபில் அடைந்த துன்பத்துக்கு அளவில்லை. எனினும், தாம் சரியென்று கண்டதைச் செய்யும் உரிமையை அவர் எவரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. யாருக்கு மருந்து கொடுப்பது என்பதை அவரே தீர்மானித்தார். மருத்துவமனைத் தாதியின் நிலை வேறு. செய்ய வேண்டியது இன்னதென அவர் அறிவார். செய்யும் திறனும் அவரிடம் உண்டு. செய்வதற்கு நேரமோ, ஆளோ, அதிகாரமோ இராது. அவரைச் சோர்விப்பது செய்த பணி மட்டுமன்று. செய்ய முடியாமல் விட்ட பணியே பெரிதும் சோர்விக்கிறது. இவ்வுண்மையை முதலில் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே காணலாம்.

தோட்டத்து டிரஸர்

1877ஆம் ஆண்டில் கோலாகங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோ நட்ட சில ரப்பர்க் கன்றுகள் நல்ல பலன் தந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் சுங்கை சிப்புட், செம்மோர், பீடோர், சுங்காய், இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் அன்சன் முதலிய வட்டாரங்களில் காடழிந்து தோட்டங்கள் எழுந்தன. பால் வெட்டத் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களை இங்கே முதலில் எதிர்கொண்டது மலேரியாக் காய்ச்சல். புதிதாகத் திறந்த தோட்டங்களில் அது பலரைக் கொண்டுபோயிற்று.

தொழிலாளர் உடல் நலிந்தவர்கள், ஆதலின் மடிகிறார்கள் என்று சொல்லியவர்கள் அக்காலத்தில் இருந்தனர். 1901இல் கிள்ளானுக்குப் பணிக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் அவ்வளவில் நிற்கவில்லை. நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தை வடியச் செய்தார், காய்ச்சல் குறைந்தது. பின்னர்த் தோட்டங்களை ஆராய்ந்தபோது, குன்றுப் பகுதிகளில் காட்டை வெட்டி வெயில் படச் செய்த தெளிந்த நீரோடைகளிலேயே வேறு வகைக் கொசு பெருகுவதைக் கண்டார். நிலத்தடி வடிகாலும் நீர்மேல் எண்ணெய் தெளித்தலும் வழக்கத்துக்கு வந்தன. நோயாளிக்குக் கொய்னா கொடுப்பது எவ்வளவு வேண்டியதோ, அவ்வளவு வேண்டியது ஓடையைத் திருத்துவது என்பதே வாட்சன் கற்பித்த பாடம். இப்பாடம் தாதியர் சோர்வுக்கும் பொருந்துவதைப் பின்னர்க் காணலாம்.

இந்நிலையில் 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்ட முதலாளிகள்மீது மருத்துவ வசதி செய்துதரும் கடமையை விதித்தன. பெரிய தோட்டங்கள் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்தன. சிறிய தோட்டங்கள் பல கூடி ஒன்றை நடத்தின. டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அன்றாடம் நோயாளியின் பக்கத்திலிருந்தவர் டிரஸர். புண் கட்டுதல், மருந்து கலக்குதல், காய்ச்சல் பார்த்தல், பதிவேடு எழுதுதல் யாவும் அவர் கையில். துணைக்கு ஓர் ஆயாவோ அட்டெண்டன்டோ இருப்பர். சட்டம் கட்டடத்தையும் ஆளையும் கேட்டது. அந்த ஆள் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்னும் முடிச்சை அது அவிழ்க்கவில்லை.

அம்முடிச்சு ஒவ்வொரு நாளும் விடியுமுன் பெரட்டுக் களத்தில் இறுகியது. பெயர் கூப்பிடும்போது உடம்புக்கு முடியாதவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருக்கு உண்மையிலேயே காய்ச்சலா, மருந்தைக் கொடுத்துத் தீம்பாருக்கு அனுப்பலாமா, படுக்க வைக்க வேண்டுமா என்று சொல்ல வேண்டியவர் டிரஸர். படுக்க வைத்தால் தொழிலாளிக்கு அன்றைய சம்பளம் போயிற்று. தோட்டத்துக்கு ஒரு வரிசை மரம் வெட்டாமல் நின்றது. அனுப்பிவிட்டால் நோய் முற்றும். பலரைப் படுக்க வைத்தால் துரை காரணம் கேட்பார்; அனுப்பினால் லயத்து மக்கள் ஏசுவர். டிரஸருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகமே. ஆதலின் அவர் நோயாளியின் பக்கத்தில் இருக்கிறாரா, நிர்வாகத்தின் பக்கத்தில் இருக்கிறாரா என்னும் ஐயம் மக்களுக்குத் தீரவே இல்லை. டிரஸருக்கே தீர்ந்திருக்குமா என்பதும் ஐயமே.

பொறுப்பு முழுவதும் ஒருவர் தலையில். அதிகாரம் முழுவதும் இன்னொருவர் கையில். இந்த அமைப்பில் நல்ல மனிதரும் கடுஞ்சொல் பேசக் கற்றுக்கொள்வார். சிலர் எவரையும் நம்பாதவராயினர்; சிலர் எதையும் கண்டுகொள்ளாதவராயினர். அதை அவரவர் குணமென்றே தோட்டம் பேசிற்று. அமைப்பைப் பற்றிப் பேசியவர் சிலரே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு முறையான மருத்துவ வசதியையும் கேட்டனர் என்பது கருதத்தக்கது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே தனிச் சட்டம் 1965இல் வந்தது. அதன்பின் அத்தொழிலுக்கு ஒரு தகுதி வரையறை ஏற்பட்டது. துரைக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கும் நிலையோ அப்படியே இருந்தது.

விளக்கும் தூக்குப் பொறியும்

தோட்டத்தில் கண்ட முடிச்சு தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. தாதித் தொழில் இன்றைய உருவம் பெற்ற இங்கிலாந்திலும் அது தொடக்கத்திலிருந்தே இருந்தது.

ஃபுளாரென்ஸ் நைட்டிங்கேல் என்றதும் கையில் விளக்கேந்தி இரவில் படைவீரரிடையே நடந்த அம்மையாரின் உருவமே நினைவுக்கு வரும். 1854இல் ஸ்கூட்டாரிப் படை மருத்துவமனைக்கு அவர் சென்றது உலகறிந்த செய்தி. அதற்கு முந்திய ஆண்டில் லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறு இல்லம் ஒன்றின் பொறுப்பை அவர் ஏற்றார். அப்போது அவர் வற்புறுத்திக் கேட்டவை மூன்று. ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர் குழாய் வழியே வர வேண்டும். நோயாளிகளின் உணவை மேலே ஏற்றத் தூக்குப் பொறி வேண்டும். மணி அடித்த நோயாளி யாரென்று தாதி பார்த்த மாத்திரத்தில் அறியும் அமைப்பு வேண்டும். படியேறி இறங்குவதிலேயே தாதியின் நாள் கழிந்தால், அவர் நோயாளியின் பக்கத்தில் இருப்பது எப்போது என்பது அம்மையாரின் கருத்து. 1859இல் அவர் எழுதிய தாதிப் பணி பற்றிய நூலிலும், தாம் இல்லாத நேரத்திலும் பணி தவறாமல் நடக்கும்படி ஏற்பாடு செய்வதற்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார்.

உலகம் விளக்கை நினைவில் வைத்தது. தூக்குப் பொறியை மறந்தது. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அதைப் பார்த்து மருத்துவமனைகள் பலவும் பள்ளிகள் தொடங்கின. பயிற்சி பெற வந்த இளம்பெண்களே வார்டின் பெரும்பகுதி வேலையைச் செய்தனர். தங்க இடமும் உணவும் சிறு தொகையும் கொடுத்தால் போதும். கீழ்ப்படிதல் கேட்டதற்கெல்லாம் கிடைக்கும். தாதித் தொழில் ஓர் அருட்பணி என்னும் உயர்ந்த எண்ணம், மலிவான உழைப்பைப் பெறுவதற்கும் வசதியாகிவிட்டது.

இவ்வழக்கம் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. 1880இல் தொடங்கிய தைப்பிங் மருத்துவமனை, 1911இல் ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் திறந்த மனநோய் மருத்துவமனை முதலிய அரசாங்க நிலையங்கள் பேராக்கில் வளர்ந்தன. மேலே ஐரோப்பிய மேட்ரன், சிஸ்டர். கீழே உள்ளூர்த் தாதியர், டிரஸர், அட்டெண்டன்டுகள் என்னும் படிவரிசை ஏற்பட்டது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கிற்று. 1950ஆம் ஆண்டுச் சட்டம் தாதியரைப் பதிவு செய்தது. 1966இல் மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்தது. அரசாங்கப் பணியில் உள்ள பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான ஊதியம் என்னும் கொள்கை நெடிய போராட்டத்தின் பின் 1969இல் ஏற்கப்பட்டது. தகுதியும் ஊதியமும் பற்றிய இச்சட்டங்கள் வேண்டியவையே. வார்டில் வேலை எப்படிப் பங்கிடப்படுகிறது என்னும் கேள்வி மட்டும் இன்னும் தொடப்படவில்லை.

கட்டில் எண்

அக்கேள்வியை நேராகத் தொட்டவர் இசபெல் மென்சீஸ் என்னும் ஆராய்ச்சியாளர். லண்டனில் பெரிய போதனா மருத்துவமனை ஒன்று, பயிற்சித் தாதியரை எங்கெங்கே அமர்த்துவது என்னும் சிக்கலைத் தீர்க்க உதவி கேட்டது. அவர் சென்று பார்த்தார். 1960ஐ ஒட்டி முடிவுகளை வெளியிட்டார்.

அங்கே ஒரு தாதிக்குச் சில நோயாளிகள் என்று பொறுப்புக் கொடுக்கப்படவில்லை. ஒருவர் எல்லாருக்கும் காய்ச்சல் பார்ப்பார். இன்னொருவர் எல்லாருக்கும் படுக்கை விரிப்பார். மற்றொருவர் எல்லாருக்கும் மருந்து கொடுப்பார். நோயாளியைப் பெயரால் குறிக்காமல், இத்தனையாம் கட்டில் என்றோ, அவருக்கு நோயுற்ற உறுப்பின் பெயராலோ குறித்தனர். பயிற்சித் தாதியரை வார்டு விட்டு வார்டு அடிக்கடி மாற்றினர். சிறு முடிவையும் ஒருவர் எடுத்து இன்னொருவர் சரிபார்த்து மேலுள்ளவரிடம் கேட்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் ஏன்? சாவையும் வலியையும் அருவருப்பையும் அன்றாடம் காணும் இளம்பெண்களின் உள்ளம் கலங்காதிருக்க வேண்டும் என்பதே இவ்வேற்பாடுகளின் மறைவான நோக்கம் என்றார் மென்சீஸ். நோயாளியோடு பற்று ஏற்படாவிட்டால் துயரமும் ஏற்படாது அன்றோ? ஆனால் விளைவு நேர்மாறாயிற்று. துயரம் குறையவில்லை, ஒருவரைத் தேற்றி எழுப்பி வீட்டுக்கு அனுப்பிய மனநிறைவுதான் பறிபோயிற்று. பயிற்சிக்கு வந்தவருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே வெளியேறினர். அவருள் பெரும்பாலார் தாமாகவே விலகியவர்கள். பணியில் அக்கறை அற்றவர்களே போய்விட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. நோயாளியைப் பற்றி மிகவும் கவலைப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இந்தச் செய்தி மலேசியத் தமிழருக்கு அயலார் கதையன்று. 1960களிலும் 1970களிலும் இந்நாட்டு இளம்பெண்கள் பலர் தாதிப் பயிற்சிக்காகப் பிரிட்டன் சென்றனர். தமிழ்ப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அங்கே முழுத் தகுதியுடைய பதிவுத் தாதி, அதற்குக் கீழான பட்டியல் தாதி என்று இருவகை இருந்தன. அயல்நாட்டிலிருந்து சென்றவர் பலர் இரண்டாம் வகைப் பயிற்சியிலேயே சேர்க்கப்பட்டனர். வேலை கடினம், பெற்ற சான்றிதழுக்கோ பிற நாடுகள் பலவற்றில் மதிப்பில்லை. வேலையின் பளு ஒருபுறமிருக்க, உழைப்புக்கு ஏற்ற கைம்மாறு இல்லாமையும் நேர்மையின்மையும் ஒருவரை எவ்வாறு சோர்விக்கும் என்பதை அவர்கள் தம் வாழ்க்கையிலேயே கண்டனர்.

சோர்வுக்குப் பெயர் வந்தது

இத்தகைய சோர்வுக்கு 1974இல் ஒரு பெயர் கிடைத்தது. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருந்தகத்தில் தொண்டாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், மிகுந்த ஆர்வத்துடன் வந்த தொண்டர்களே சில மாதங்களில் வற்றிப்போவதைக் கண்டார். எரிந்து தீர்தல் என்னும் பொருள்படும் சொல்லால் அதைக் குறித்தார். தமிழில் பணிச்சோர்வு எனலாம். கலிபோர்னியாவின் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981இல் அதை அளக்கும் முறையை வகுத்தார். அடையாளங்கள் மூன்று: உள்ளம் வற்றுதல், நோயாளியை மனிதராகக் காணாமல் பொருளாகக் காணுதல், தாம் செய்வதால் பயனில்லை என்று எண்ணுதல். இரண்டாம் அடையாளம் மென்சீஸ் கண்ட கட்டில் எண்ணேயாகும்.

காரணங்களை ஆராய்ந்தவர்களும் மெல்ல மெல்லப் பணியிடத்தின் பக்கமே திரும்பினர். 1979இல் ராபர்ட் காரசெக், வேலையின் பளு மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்த இடத்திலேயே மனம் நலிகிறது என்று காட்டினார். 1997இல் மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் ஆறு காரணங்களை வகுத்தனர். வேலைப்பளு, தன்னுரிமையின்மை, கைம்மாறின்மை, உடன் பணிபுரிவோரிடை ஒற்றுமைக் குறைவு, நேர்மையின்மை, தாம் மதிக்கும் அறத்துக்கும் நிறுவனம் கேட்பதற்கும் உள்ள முரண் என்பன அவை. பெரட்டுக் களத்து டிரஸரை இப்பட்டியலோடு ஒப்பிட்டால், ஆறுள் பெரும்பாலானவை அவரிடம் ஏற்கெனவே இருந்தது புலனாகும்.

ஆறாவது காரணம் மிகவும் ஆழமானது. 1984இல் ஆண்ட்ரூ ஜேமிட்டன் என்னும் அறநூல் அறிஞர் தாதியரைப் பற்றி எழுதுகையில் அதற்கு ஒரு தனிப்பெயர் இட்டார். செய்ய வேண்டிய நன்மை இன்னதென்று தெரிந்தும், நிறுவனத்தின் கட்டுப்பாட்டால் அதைச் செய்ய இயலாதபோது எழும் வேதனை அது, அறத்துயர் எனலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று தாதிக்குத் தெரியும். அந்நேரத்தில் மருந்துச் சுற்று பாதியில் நிற்கிறது, புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, பதிவேடு காத்திருக்கிறது. முதியவர் முதுகில் புண் வருகிறது. யாரும் தாதியைக் குறை கூறாவிடினும் அவர் மனம் கூறும். வீட்டுக்குப் போன பிறகும் கூறும்.

வேலைப்பளுவின் விளைவை எண்ணிக் காட்டியவர் லிண்டா எய்க்கன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தாதியரையும் ஆராய்ந்து 2002இல் அவரும் உடனாய்வாளரும் முடிவை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அத்தாதிக்குப் பணிச்சோர்வு உண்டாகும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடிற்று. அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 விழுக்காடு கூடிற்று. தாதியின் சோர்வும் நோயாளியின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பது இதனால் விளங்கிற்று.

இறுதியாக 2019இல் உலக சுகாதார நிறுவனம், 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வைச் சேர்த்தது. அதனை ஒரு நோயாக அது கொள்ளவில்லை. சரிவரக் கையாளப்படாத நெடுநாள் பணியிட நெருக்கடியின் விளைவு என்றே கொண்டது.

மூன்று முறை வேலை

ஈப்போவுக்குத் திரும்பினால், அன்றைய தோட்டங்கள் இன்று அவ்வாறே இல்லை. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்துள்ளன. தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மூடப்பட்டன. அங்கே பிறந்தவர்கள் முதுமையில் சர்க்கரை வியாதியுடனும் இரத்த அழுத்தத்துடனும் நகரத்து அரசாங்க மருத்துவமனையை நாடுகின்றனர். அவர்களுள் சிலருடைய பெண்மக்களே அதே மருத்துவமனைகளில் தாதியராக நிற்கின்றனர்.

அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் வழக்கமான ஏற்பாடு மூன்று முறை வேலை: காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 9 வரை, 9 முதல் மறுநாள் காலை 7 வரை. இம்முறைகள் ஒருவருக்கே மாறி மாறி வரும். உடல் இரவுக்குப் பழகுமுன் பகல் வந்துவிடும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும், மாமியாருக்கு மருந்து கொடுப்பதும் முறைக்கேற்ப மாறுவதில்லை. முறை முடியும் நேரம் ஏட்டில்தான் உண்டு. அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைத்து, எழுதாமல் விட்டதை எழுதி முடித்த பிறகே வெளியேற முடியும்.

2020ஆம் ஆண்டை உலக சுகாதார நிறுவனம் தாதியர், மருத்துவச்சியர் ஆண்டாக அறிவித்திருந்தது. நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு நிறைவுற்றதே காரணம். அவ்வாண்டிலேயே கொரோனாத் தொற்று வந்தது. மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. மக்கள் தாதியரை வீரர் என்று போற்றினர். முழு உடற்கவசத்துக்குள் மணிக்கணக்காக நின்றவர்களுக்கு அப்பாராட்டு ஆறுதலாக இருந்திருக்கலாம்; ஆள் பற்றாக்குறையை அது நீக்கவில்லை.

பின்னர் 2024இல், முறை வேலை செய்யும் அரசாங்க ஊழியரின் வேலை நேரம் டிசம்பர் முதல் வாரத்துக்கு 45 மணியாகும் என்று அறிவிக்கப்பட்டது. வார்டுத் தாதியர் அதுவரை செய்துவந்தது 42 மணி. தாதியர் தொழிற்சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. அவர்களுக்கு அது தொடங்கும் நாள் தள்ளிவைக்கப்பட்டது. மூன்று மணிதானே என்று வெளியார்க்குத் தோன்றும். ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் அது 156 மணி; அதாவது ஏறத்தாழ 22 பகல் முறைகள். சிங்கப்பூரும் சவூதி அரேபியாவும் பிரிட்டனும் அனுபவமுள்ள தாதியரைக் கூடிய சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டிருக்கும் காலம் இது. ஒருவர் விலகினால் அவர் பார்த்த நோயாளிகள் எஞ்சியவர் தலையில் ஏறுவர். அதனால் இன்னொருவர் விலகுவார்.

முற்காலத் தாதியர் இப்படிச் சோர்ந்தார்களா என்று கேட்போர் உண்டு. மென்சீஸின் கணக்கே அதற்கு விடை. மூன்றில் ஒருவர் வெளியேறிய பிறகு எஞ்சியவர்களைத்தான் பிற்காலம் நினைவில் வைத்தது. தோட்டத்திலும் காய்ச்சலுக்குத் தப்பியவர்களைப் பார்த்தே, அந்தக் காலத்து உடம்பு என்று வியக்கிறார்கள்.

ஓடையைத் திருத்துதல்

சோர்ந்த தாதிக்கு மனப்பயிற்சியும் ஆறுதல் வார்த்தையும் வேண்டாம் என்பதன்று. கொய்னா வேண்டியதுதான். ஆனால் கொய்னாவோடு நின்றுவிட்டால் ஓடையில் கொசு பெருகிக்கொண்டே இருக்கும். ஓடையைத் திருத்திய நாடுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2000ஆம் ஆண்டில் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளி என்னும் விகிதத்தை வரையறுத்தது; பெரிய மருத்துவமனைகளின் பகல் முறையில் அது நான்கு நோயாளிக்கு ஒருவர். கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்தியது. இவ்வளவு தாதியரை அமர்த்தப் பணத்துக்கு எங்கே போவது என்னும் கேள்வி நியாயமானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் இத்தகைய விகிதத்தைக் கொண்டுவந்தபின் நடந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. இறப்பும், வீடு திரும்பியவர் மீண்டும் வந்து சேர்வதும், கட்டிலில் கிடக்கும் நாட்களும் குறைந்தன. இதனால் மிச்சப்பட்ட தொகை, கூடுதல் தாதியருக்கான செலவைப் போல் இரு மடங்குக்கு மேல் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது.

பரிமேலழகர் பக்கத்திலிருப்பவருக்கு நான்கு இலக்கணம் சொன்னார். அவரை அமர்த்தும் இடத்துக்கும் நான்கு இலக்கணம் சொல்லுமாறு கடந்த காலம் கற்பித்துள்ளது. ஒருவர் கவனிக்கக்கூடிய அளவான நோயாளிகள் முதலாவது. உடலுக்கும் குடும்பத்துக்கும் இடங்கொடுக்கும் வேலை நேரமும் ஓய்வும் இரண்டாவது. நோயாளிக்கு எது நன்மை என்று கண்டதைச் சொல்லவும் செய்யவும் உரிமை மூன்றாவது. உழைப்புக்கும் தகுதிக்கும் ஏற்ற நேர்மையான கைம்மாறு நான்காவது. இந்நான்கும் இல்லாத இடத்தில் அன்பையும் தூய்மையையும் வன்மையையும் அறிவையும் மட்டும் கேட்பது, எண்ணெய் ஊற்றாமல் விளக்கைக் குறை கூறுவதாகும்.

பெரட்டுக் களத்தில் நின்ற டிரஸர் இந்நான்கையும் கேட்க வழியறியாதவராக இருந்தார். ஈப்போவிலும் தைப்பிங்கிலும் இன்றிரவு 9 மணிக்கு வார்டுக்குள் நுழையும் தாதிக்குத் தம் பெயரில் ஒரு சாலை வேண்டியதில்லை. விடியற்காலை 7 மணிக்கு வெளியேறும்போது, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்னும் நிறைவோடு அவர் வீடு திரும்பினால் போதும்.